இலவச ரகசியச் செயலிகளுக்குப் படியளப்பது யார்?

பேரேடு (பள்ளத்தூர்)

அனைவருக்கும் வணக்கம். இங்கே கணினி தெரிந்தவர்கள் பலர் இருப்பதால் ஒரு வீட்டு விவகாரத்தைக் கொண்டுவருகிறேன்.

எங்கள் ஐயா கட்டிய வீடு கானாடுகாத்தான் பக்கம் இருக்கிறது. இன்றைக்கு அதற்கு 27 புள்ளிகள், அதாவது 27 குடும்பங்கள், பங்கு. பாதிப் பேர் சென்னையில், மற்றவர்கள் கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். பின்கட்டில் ஓடு மாற்றுவதா, இரண்டாம் கட்டை விற்றுவிடுவதா, விற்றால் என்ன விலைக்கு என்று ஓராண்டாக வாட்ஸ்அப் குழுவில்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். சென்ற மாதம் ஒரு தரகர் வந்து முகப்பில் உட்கார்ந்தார். நாங்கள் எங்களுக்குள் பேசி வைத்திருந்த அடிமட்ட விலை அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது. தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுக்கும் தனியாக ஒரு விலை வேறு சொன்னார். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் யார் வீட்டுக் கதவோ சாத்திவைக்கப்பட்டிருப்பதைப் பார்த்தாலே வயிறு எரிகிறவன் நான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் மகன் வேறு செயலிக்கு மாறச் சொல்கிறான். சிக்னல், செஷன், சிம்ப்ளெக்ஸ், எலிமென்ட் என்று நான்கு பெயர் அனுப்பியிருக்கிறான். சிக்னலைத் தவிர மற்றவற்றில் ஒரே முதலாளியின் சர்வர் என்று எதுவும் இல்லையாம், எல்லாம் இலவசமாம். நாற்பது ஆண்டுகள் கணக்கு எழுதியிருக்கிறேன். வரவுப் பக்கம் காலியாக வைத்துக்கொண்டு செலவு மட்டும் செய்கிற பேரேட்டை நான் பார்த்ததே இல்லை. சர்வருக்கு மின்சாரம் வேண்டும், எழுதுகிறவனுக்குச் சோறு வேண்டும். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அது தெரியாமல் 27 பேரின் ரகசியத்தை எப்படி ஒப்படைப்பது?

செக்காலை நிரலர்

அண்ணன், முதலில் ஒரு கசப்பான செய்தி. உங்கள் விலை வெளியே போனதற்கு மறையாக்கம் உடைந்தது காரணமாக இருக்க வாய்ப்பில்லை. வாட்ஸ்அப்பிலும் 2016 முதல் முனைக்கு முனை மறையாக்கம் இருக்கிறது, அதாவது அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர நடுவில் யாராலும் படிக்க முடியாது. 27 பேரில் ஒருவர் தம் கைப்பேசியைத் தரகரிடம் காட்டியிருப்பார். உலகத்தில் எந்தச் செயலிக்கு மாறினாலும் அந்த ஒருவரும் உங்களோடு மாறுவார்.

ஆனாலும் உங்கள் இரண்டாவது கேள்வி பொன்னான கேள்வி. அதைக் கேட்காமல்தான் கோடிக்கணக்கான பேர் செயலிகளை நிறுவுகிறார்கள். வாட்ஸ்அப் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஒரு டாலர் கட்டணம் கேட்டது. 2014இல் பேஸ்புக் அதை 1,900 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2016இல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நாம் எழுதுவதைப் படிக்க முடியாவிட்டாலும், யார் யாரோடு எப்போது பேசுகிறார் என்ற தகவல் அவர்களிடம் சேர்கிறது. அதற்கும் சந்தையில் விலை உண்டு.

சிக்னலின் கணக்கு ஓரளவு வெளியில் இருக்கிறது. 2018இல் வாட்ஸ்அப் நிறுவனர்களில் ஒருவரான பிரையன் ஆக்டன் ஐந்து கோடி டாலர் போட்டு, சிக்னலை உருவாக்கிய மாக்ஸி மார்லின்ஸ்பைக்குடன் சேர்ந்து அதை லாப நோக்கமற்ற அறக்கட்டளையாக்கினார். 2023 நவம்பரில் அவர்களே செலவை வெளியிட்டார்கள். சர்வர், அலைவரிசை முதலியவற்றுக்கு மட்டும் ஆண்டுக்கு சுமார் 1.4 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 60 லட்சம் டாலர், புதிதாகச் சேர்கிறவர்களின் கைப்பேசிக்கு எண் சரிபார்க்கும் குறுஞ்செய்தி அனுப்புவதற்கே போகிறது. 2025க்குள் மொத்தச் செலவு ஆண்டுக்கு ஐந்து கோடி டாலரைத் தொடும் என்று கணித்தார்கள். நன்கொடையில்தான் வண்டி ஓடுகிறது.

தேவகோட்டை ரஸ்தா

நன்கொடை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். யார் நன்கொடை என்பதுதான் பேச்சே. சிக்னலின் ஆரம்ப காலத்தில் அமெரிக்க அரசின் பணத்தில் இயங்கும் ஓப்பன் டெக்னாலஜி ஃபண்ட் சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறது. இணையத்தில் அடையாளத்தை மறைக்க உதவும் டோர் வலையமைப்புக்கும் அமெரிக்க அரசுப் பணம் போயிருக்கிறது.

சுவிட்சர்லாந்தில் கிரிப்டோ ஏஜி என்று ஒரு நிறுவனம் இருந்தது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் அதனிடம் ரகசியத் தொடர்புக் கருவிகள் வாங்கின. இந்தியாவும் வாங்கியது, பாகிஸ்தானும் வாங்கியது. 1970இல் அமெரிக்க உளவுத்துறையும் மேற்கு ஜெர்மனி உளவுத்துறையும் அதை ரகசியமாக விலைக்கு வாங்கிவிட்டிருந்தன என்பது 2020இல்தான் ஊருக்குத் தெரிந்தது. அரை நூற்றாண்டு! பணம் கொடுத்துப் பூட்டு வாங்கினோம், சாவியின் நகல் அவர்களிடம் இருந்தது. 2021இல் அனோம் என்ற ரகசியக் கைப்பேசியின் கதையும் வெளிவந்தது. குற்றவாளிகள் நம்பி வாங்கிய அந்தச் சேவையை நடத்தியதே எஃப்பிஐ. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

அந்தக் குற்றவாளிகள் பிடிபட்டதில் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்வது, பெட்டியின் மேல் ‘ரகசியம்’ என்று எழுதியிருப்பதை நம்பி எதையும் உள்ளே போடக் கூடாது என்பதுதான்.

ஆய்வு மாணவி (அழகப்பாபுரம்)

ரஸ்தா ஐயாவின் கோபம் புரிகிறது. ஆனால் அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளிலும் வாங்கியவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. சிக்னலின் நிரல் வெளியில் கிடக்கிறது. யாரும் படிக்கலாம், பலர் படித்திருக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவில் ஒரு நீதிமன்ற விசாரணைக்காகப் பயனர் தகவல் கேட்டபோது, கணக்கு தொடங்கிய நேரத்தையும் கடைசியாக இணைந்த நாளையும் தவிர அவர்களால் எதையும் தர முடியவில்லை. அவர்களிடம் இருந்ததே அவ்வளவுதான்.

அதற்காக நிரல் திறந்திருந்தால் போதும் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஓப்பன் எஸ்எஸ்எல் நிரல் இணையத்தின் பெரும்பகுதிக்குப் பூட்டாக இருந்தது. 2014இல் அதில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தபோதுதான், ஆண்டுக்கு சுமார் 2,000 டாலர் நன்கொடையில் அது காலம் தள்ளியது உலகத்துக்குத் தெரிந்தது. முழுநேரமாக உழைத்தவர் ஒருவர். 2024இல் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலில் நடந்தது இன்னும் கொடுமை. சம்பளம் இல்லாமல் அதைத் தனியாகப் பராமரித்துக் களைத்துப்போயிருந்தவரிடம் உதவி செய்கிறேன் என்று ஒருவர் நெருங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கையைப் பெற்றார். பிறகு கள்ளக்கதவு ஒன்றை உள்ளே வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைக் கவனித்துத் துருவியதால் பிழைத்தோம்.

இந்த இரண்டையும் படித்த பிறகு, பணம் யாரிடமிருந்து வருகிறது என்று கேட்பதோடு பணமே வராவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்க ஆரம்பித்தேன். பட்டினி கிடக்கும் காவற்காரரை வாங்குவது சுலபம்.

கண்டனூர் ஆச்சி

தம்பி, தங்கச்சி எல்லாரும் டாலரிலேயே பேசுகிறீர்கள். என் சந்தேகம் சின்னது. 72 வயதான எங்கள் பெரியாத்தா வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பக் கற்றுக்கொள்ளவே ஆறு மாதம் ஆயிற்று. அவர்களை விட்டுவிட்டு நாங்கள் வேறு இடத்தில் கூடிப் பேசினால் அது பங்காளிகளுக்குள் பிளவு இல்லையா? அரட்டை என்ற செயலி இருக்கிறதே, நம் ஊர்ப் பெயர், நம் மாநில நிறுவனம், அதில் சேர்ந்தால் என்ன?

செக்காலை நிரலர்

ஆச்சி, அரட்டையை நடத்தும் சோஹோ வெளி முதலீட்டாளர் பணம் வாங்காமல் வளர்ந்த நிறுவனம், அந்த அளவில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் 2025 செப்டம்பரில் மக்கள் கூட்டம் கூட்டமாக அரட்டையில் சேர்ந்தபோது அழைப்புகளுக்குத்தான் முனைக்கு முனை மறையாக்கம் இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. அதில் பிறகு எது மாறியிருந்தாலும், ஒரே நிறுவனத்தின் சர்வர் என்பது மாறாது. நாளை அந்த நிறுவனம் கைமாறினால் நம் குழுவும் சேர்ந்து கைமாறும்.

ஒரே முதலாளி இல்லாத அமைப்பு என்றால் மின்னஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு நிறுவனத்தின் முகவரி வைத்திருப்பீர்கள், நான் வேறொன்று வைத்திருப்பேன். ஆனாலும் கடிதம் போய்ச் சேர்கிறது. 1999இல் ஜாபர் என்று பிறந்த எக்ஸ்எம்பிபி என்ற செய்திப் பரிமாற்ற முறை இப்படித்தான். கூகுள் டாக் 2006இல் அந்த வலையில் மற்ற சர்வர்களோடு பேசத் தொடங்கியது. 2013இல் அதற்குப் பதிலாகக் கூகுளின் ஹேங்அவுட்ஸ் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டது. பெரிய வீடு கதவைச் சாத்தியும் தெரு செத்துப்போகவில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. இன்றும் சிறிய சர்வர்கள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன.

கோலாலம்பூர் பங்காளி

செஷன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதற்குக் கைப்பேசி எண் தேவையில்லை. செய்திகளை வைத்திருப்பவை கணுக்கள், அதாவது பலரும் தனித்தனியாக நடத்தும் கணினிகள். கணு நடத்த டோக்கன் என்ற மின்னணு நாணயத்தை ஈடாகக் கட்ட வேண்டும், வெகுமதியும் டோக்கனில்தான். செஷன் 2024இல் ஆஸ்திரேலியாவை விட்டு சுவிஸ் அறக்கட்டளையின் கைக்குப் போனது. போலீஸ் ஓர் ஊழியரின் வீட்டுக்கே போய் விசாரித்ததுதான் உடனடிக் காரணம்.

டோக்கன் என்றாலே எனக்கு உடம்பு பதறும். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு செய்திச் செயலி வெளியிட்ட நாணயத்தில் சேமிப்பைப் போட்டேன். பெயர் வேண்டாம். மூன்று மாதம் ஏறியது, பிறகு விழுந்த வேகத்தில் என் மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பகுதி போயிற்று. செயலியைப் பயன்படுத்திய எவரையும் அங்கே நான் சந்திக்கவில்லை, விலையைப் பேசியவர்களைத்தான் சந்தித்தேன். டெலிகிராம்கூட 2018இல் நாணயம் தருவதாகச் சொல்லி முதலீட்டாளர்களிடம் 170 கோடி டாலர் திரட்டியது. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் வழக்குப் போட்டது. 2020இல் 120 கோடி டாலரைத் திருப்பித் தரவும் 1.85 கோடி டாலர் அபராதம் கட்டவும் டெலிகிராம் ஒப்புக்கொண்டது.

செஷனை நடத்துகிறவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் நான் பேசும் இடம் உயிரோடு இருப்பது ஒரு நாணயத்தின் சந்தை விலையைப் பொறுத்தது என்றால் எனக்கு அங்கே நிம்மதி இராது.

செக்காலை நிரலர்

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிம்ப்ளெக்ஸில் பயனருக்கு அடையாள எண்ணே கிடையாது. வடிவமைப்பில் அதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. டிரெய்ல் ஆஃப் பிட்ஸ் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2022இலும் 2024இலும் அதைத் தணிக்கை செய்திருக்கிறது. பணம் முதலீட்டாளர்களுடையது. 2024இல் ட்விட்டர் நிறுவனர்களில் ஒருவரான ஜாக் டார்சி உள்ளிட்டோர் 13 லட்சம் டாலர் போட்டார்கள். முதலீடு என்றால் ஒருநாள் அறுவடை கேட்பார்கள். அதை எப்படிக் கொடுப்பார்கள் என்று இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

எலிமென்ட் என்பது மேட்ரிக்ஸ் வலையமைப்பின் செயலி. பிரெஞ்சு அரசும் ஜெர்மன் ராணுவமும் மேட்ரிக்ஸைப் பயன்படுத்துகின்றன. இத்தனை பெரிய வாடிக்கையாளர்கள் இருந்தும் அதன் அறக்கட்டளை 2025 தொடக்கத்தில் ஒரு லட்சம் டாலர் கிடைக்காவிட்டால் சில சேவைகளை நிறுத்த வேண்டிவரும் என்று வெளிப்படையாகக் கை நீட்டியது. ஊருணியில் எல்லோரும் குடம் மொள்கிறார்கள், தூர்வார ஆள் கூப்பிட்டால் தெருவே காலி. இன்னொன்று, மேட்ரிக்ஸில் ஒரு குழுவில் எத்தனை சர்வர்களைச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்களோ அத்தனை சர்வர்களிலும் அந்தக் குழுவின் பதிவுகள் நகலாகும். செய்தி மறையாக்கப்பட்டிருந்தாலும் யார் இருக்கிறார்கள், எப்போது பேசினார்கள் என்பது அங்கே தெரியும். பரவலாக இருப்பதும் ரகசியமாக இருப்பதும் ஒன்று என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

தேவகோட்டை ரஸ்தா

எலிமென்ட் 2023இல் மத்திய அரசு முடக்கிய 14 செயலிகளில் ஒன்று. பிரையார், திரீமா பெயர்களும் அந்தப் பட்டியலில் உண்டு. ஜம்மு காஷ்மீரில் பயங்கரவாதிகள் பயன்படுத்துகிறார்கள் என்று காரணம் சொன்னார்கள். ஊர்ப் பெரியவர்களை அதில் இழுத்துவிடுவதற்கு முன் யோசியுங்கள்.

பேரேடு (பள்ளத்தூர்)

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாட்களாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். எனக்குத் தெரிந்த உலகத்தை வைத்து ஒன்று சொல்கிறேன்.

எங்கள் ஐயா ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர். காரைக்குடியில் எழுதிய உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டு) ரங்கூனில் பணமாகும். நடுவில் தலைமை அலுவலகம் ஒன்று உட்கார்ந்து எல்லோரையும் ஆளவில்லை. கடைக்குக் கடை முதலாளி வேறு. ஏட்டில் இருந்த விலாசத்தை (கடைப்பெயரை) பார்த்தார்கள், அந்த விலாசக்காரர் போன முறை சொன்ன நாளில் கொடுத்தாரா என்று பார்த்தார்கள். கடையை நடத்தும் மேலாள் மூன்று ஆண்டுச் சம்பளச்சீட்டில் போவார், ஊருக்குக் கணக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார், திரும்பி வந்ததும் கணக்கு முடிப்பார். கடல் தாண்டிய அந்த நம்பிக்கையைத் தாங்கியது கணக்கு. ஆகவே ஒரு செயலியை எழுதுகிறவர்களிடமும் ஐந்தொகையைத்தான் முதலில் கேட்பேன். எவ்வளவு வந்தது, யார் கொடுத்தார், எங்கே போயிற்று? இதைக் காட்டாதவர் எவ்வளவு நல்ல பூட்டுச் செய்தாலும் எனக்கு வேண்டாம்.

ஆய்வு மாணவி (அழகப்பாபுரம்)

ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த நம்பிக்கைக்குப் பின்னால் கணக்கு மட்டும் இல்லை. நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகள், கொள்வினை கொடுப்பினை, ஊர் வாய் எல்லாம் இருந்தன. ஏமாற்றியவர் வீட்டில் பெண் எடுக்க ஆள் வராது. வெளியாருக்கு அந்த வட்டத்துக்குள் இடமும் இல்லை. கடன் வாங்கிய பர்மிய விவசாயி அந்தப் பேரேட்டை வேறு கண்ணால் பார்த்திருப்பார். 1930களில் நெல் விலை விழுந்து நிலங்கள் கைமாறியதை நாம் மறக்கக் கூடாது. மென்பொருளில் எழுதுகிறவரின் முகமே தெரியாது, அவரை ஊரைவிட்டுத் தள்ளிவைக்கவும் முடியாது. அதனால் அங்கே கணக்கோடு நிரலும் திறந்திருக்க வேண்டும், வெளியார் தணிக்கையும் வேண்டும்.

பேரேடு (பள்ளத்தூர்)

நீங்கள் சொல்வது சரி, தாயே. பர்மா விஷயத்தில் எங்கள் வீட்டுப் பேச்சில் அந்தப் பக்கம் வந்ததே இல்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

செக்காலை நிரலர்

அண்ணன் கேட்கும் ஐந்தொகைக்கு ஒரு கதை. டாக்ஸ் என்று சர்வரே இல்லாத ஒரு செய்தி மென்பொருள். தன்னார்வலர்கள் எழுதினார்கள், நன்கொடை வாங்க ஓர் அறக்கட்டளை இருந்தது. 2015இல் அறக்கட்டளையின் ஒரே நிர்வாகி அந்தப் பணத்தைத் தம் சொந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டார் என்று சொல்லி, எழுதியவர்களே அந்த அறக்கட்டளையோடு உறவை முறித்துக்கொண்டார்கள். நிரல் ஆயிரம் கணினிகளில் பரவியிருந்தது, பணப்பெட்டி ஒருவர் மடியில் இருந்தது.

எதிர்த்திசையில் நம்பிக்கை தருபவர்களும் இருக்கிறார்கள். கான்வர்சேஷன்ஸ் என்ற எக்ஸ்எம்பிபி செயலியைக் கூகுள் கடையில் காசுக்கு விற்றுக்கொண்டே, கட்டற்ற செயலிகளின் கடையான எஃப்டிராய்டில் இலவசமாகவும் கொடுத்தார்கள். நம் நாட்டில் பிரவ் என்றொரு முயற்சி, செய்திச் சேவையைக் கூட்டுறவுச் சங்கமாகவே நடத்தும் நோக்கத்தோடு தொடங்கியது. பயன்படுத்துகிறவர்களே உறுப்பினர்கள், அவர்களே முடிவெடுப்பார்கள். கட்டற்ற மென்பொருள்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தரப் பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024இல் ஒரு நிதியைத் தொடங்கியது. இந்தியாவிலிருந்து பணம் போகத் தொடங்கியிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இத்தனை காலம் மொண்டவர்கள் நாம்.

கண்டனூர் ஆச்சி

கூட்டுறவு என்றதும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பு ஞாபகம் வந்தது. எங்கள் படைப்பு வீட்டில் ஆண்டுதோறும் படைப்புச் செலவைப் புள்ளிக்கு இவ்வளவு என்று பிரித்துவிடுவோம். கோடீஸ்வரரும் அதே தொகை, ஓட்டு வீட்டில் இருப்பவரும் அதே தொகை. மறுநாள் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) உட்கார்ந்து, இலைக்கட்டு எவ்வளவு, நெய் எவ்வளவு என்று கணக்கு வாசிப்பார்கள். கொஞ்சம்தான் கொடுத்தாலும் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. இந்தச் சர்வருக்கும் அப்படிப் பிரித்தால் என்ன? ஒரு சர்வர் வைக்க எவ்வளவு ஆகும், தம்பி?

செக்காலை நிரலர்

27 குடும்பங்களுக்கு எக்ஸ்எம்பிபி சர்வர் என்றால் வாடகைக் கணினி ஒன்று போதும், மாதம் சில நூறு ரூபாய். பிரோசடி என்ற சர்வர் மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டுக்கு கான்வர்சேஷன்ஸ், ஐபோனுக்கு மோனல். ரஸ்தா ஐயா சொன்ன 14 பெயர்களில் இவை இல்லை. செலவில் பெரிய பங்கு பணம் அல்ல, உழைப்புதான். ஒருவர் மாதாமாதம் புதுப்பிப்புகளைப் போட வேண்டும், நகல் எடுத்துவைக்க வேண்டும். அவர் நோயில் படுத்தால் இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் செய்ய ஆள் இல்லையென்றால் இதைத் தொடங்காதீர்கள், சிக்னலுக்குப் போய் ஆண்டுக்கு ஒருமுறை நன்கொடை கொடுங்கள். அதுவும் மரியாதையான வழிதான்.

கோலாலம்பூர் பங்காளி

நான் செய்கிறேன். இங்கே ஒரு நிறுவனத்தில் சர்வர் பராமரிப்புதான் என் வேலை. ஆனால் சாவி என் ஒருவனிடம் மட்டும் இருக்கக் கூடாது. சாமி வீட்டுப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி இருப்பது போல இதற்கும் இரண்டு வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இன்னொன்றை வைத்துக்கொள்ளட்டும்.

பேரேடு (பள்ளத்தூர்)

நேற்று எங்கள் 27 புள்ளிகளில் 19 பேர் தொலைபேசியில் கூடினோம். முடிவைப் பதிகிறேன், இதே நிலையில் இருக்கும் வேறு வீட்டாருக்கு உதவலாம்.

புள்ளிக்கு ஆண்டுக்கு 600 ரூபாய், மொத்தம் 16,200. சர்வர் வாடகைக்கு 7,200. செயலிகளை எழுதுகிறவர்களுக்கு நன்கொடை 6,000. மீதி 3,000 கையிருப்பு. ரசீதுகளின் படம் மாதம் ஐந்தாம் தேதி குழுவிலேயே வரும். ஓராண்டுதான் ஏற்பாடு, சித்திரையில் கணக்கு முடித்துவிட்டுத் தொடர்வதா என்று பேசுவோம். நன்கொடை எதற்கு, அவர்கள்தான் இலவசம் என்கிறார்களே என்று இரண்டு பேர் கேட்டார்கள். எக்ஸ்இசட் கதையை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

வாட்ஸ்அப் குழு கல்யாணம், காதுகுத்து, நலம் விசாரிப்புக்கு அப்படியே இருக்கும். பெரியவர்கள் யாரும் விடுபட மாட்டார்கள். விற்பனை விலை மட்டும் எந்தச் செயலியிலும் எழுதப்படாது. அதைப் படைப்புக்கு எல்லோரும் ஊருக்கு வரும்போது வளவில் நேரில் பேசுவோம்.

தரகருக்குச் சொன்னவர் யார் என்று தேடுவதை விட்டுவிட்டோம். அவரும் 600 ரூபாய் கொடுத்திருப்பார்.

கண்டனூர் ஆச்சி

பெரியாத்தாவுக்கு மோனல் நிறுவிக் கொடுத்துவிட்டேன். குரல்செய்தி போகிறது. எழுத்தைப் பெரிதாக்குவது எங்கே என்று கேட்கிறார்கள், யாராவது சொல்லுங்கள்.